தீமிதி நேரலை: மண்டபத்துத் திரையில் தாமதத்தைக் குறைக்க டிகோடரை எப்படி அமைப்பது?

கேள்வி – தோட்டத்துத் தொண்டன், பெஸ்தாரி ஜெயா

எங்கள் தோட்டத்து மாரியம்மன் ஆலயத்தில் தீமிதியன்று பூக்குழியைச் சுற்றி நிற்க இடம் போதாது. ஆகவே முதியவர்களைச் சுமார் 100 மீட்டர் தள்ளியிருக்கும் பொதுமண்டபத்தில் அமர்த்தி, அங்கே பெரிய திரையில் நேரலையைக் காட்டுகிறோம். கேமராவிலிருந்து படத்தைச் சுருக்கி அனுப்பும் என்கோடருக்கும், அங்கிருந்து எஸ்ஆர்டி என்ற நேரலை அனுப்பும் நெறிமுறை வழியாக மண்டபத்து மடிக்கணினியில் படம் காட்டும் மென்பொருளான விஎல்சிக்கும் படம் போகிறது. இரு முனைகளும் ஆலயத்து வைஃபையில் உள்ளன. ஒருவர் குழியில் இறங்கியதும் உறுமியும் "ஓம் சக்தி" முழக்கமும் மண்டபத்தில் கேட்டுவிடுகின்றன. படமோ இரண்டு விநாடி கழித்துத்தான் வருகிறது. விஎல்சியின் நெட்வொர்க் கேஷிங்கை (படத்தைக் காட்டுமுன் சேர்த்துவைக்கும் நேரத்தை) 1000 மில்லிவிநாடியிலிருந்து 100-க்குக் குறைத்தால் படம் கட்டம் கட்டமாக உடைகிறது. சுருக்கிய படத்தை விரித்துக் காட்டும் தனி டிகோடர் பெட்டி வாங்காமல் இதைச் சரிசெய்ய வழியுண்டா?

மறுமொழி – கேபிள்காரர், ஈப்போ

வாங்க வேண்டியதில்லை, தம்பி. முதலில் அளந்து பாருங்கள். மடிக்கணினியைக் கேமராவின் பக்கத்தில் கொண்டுவந்து வைத்து, நிறுத்துகடிகாரம் ஓடும் ஒரு கைப்பேசியைக் கேமராவுக்குக் காட்டி, கைப்பேசியும் திரையும் சேர்ந்து விழும்படி ஒரு படம் எடுத்தால், இரண்டு எண்களுக்கும் உள்ள வித்தியாசமே மொத்தத் தாமதம். ஒவ்வோர் அமைப்பை மாற்றிய பிறகும் இதைச் செய்யாவிட்டால், எந்த மாற்றம் பயன் தந்தது என்பது தெரியாது.

100-இல் படம் உடைவதற்கு விஎல்சியைக் குறை சொல்ல முடியாது. திருவிழாக் கூட்டத்தின் கைப்பேசிகள் அலைவரிசையை நிறைத்துவிடும்போது படத்தைச் சுமந்து வரும் பாக்கெட்டுகள் (சிறு தரவுத் துண்டுகள்) முன்னும் பின்னுமாக வருகின்றன. அந்தத் தடுமாற்றத்தை மறைப்பதற்குத்தான் கேஷிங் இருக்கிறது. ஆகவே தடுமாற்றத்தை நீக்காமல் கேஷிங்கை மட்டும் குறைப்பது வீண். வைஃபைக்குப் பதில் கேபிள் இழுத்துவிடுங்கள். செப்புக் கேபிளுக்கு வரம்பு 100 மீட்டர் என்பதாலும், கூரையையும் மரங்களையும் சுற்றிப் போகும்போது அந்த நீளம் தாண்டிவிடும் என்பதாலும் ஃபைபர் நல்லது. நம் ஊர் இடிமழைக்கும் அதுவே பாதுகாப்பு, ஏனெனில் கண்ணாடி இழையில் மின்னதிர்ச்சி பாயாது.

எஸ்ஆர்டிக்கென்று தனியாக ஒரு தாமத அளவும் உண்டு. அது இயல்பாக 120 மில்லிவிநாடி. இரு முனைகளிலும் உள்ள எண்களில் பெரியதே நடைமுறைக்கு வரும் என்பதால், என்கோடரில் 1000 என்றிருக்கும்போது மண்டபத்தில் 120 என்று எழுதி ஒரு பயனும் இல்லை. பாக்கெட் போய்த் திரும்பும் நேரத்தைப்போல் நான்கு மடங்கு வைப்பது வழக்கம். கேபிளில் அந்த நேரம் மிகச் சொற்பம், எனவே 120-ஏ தாராளம். ஓபிஎஸ், எஃப்எஃப்எம்பெக் ஆகிய வீடியோ மென்பொருள்களில் முகவரியோடு சேர்த்து எழுதும் எண் மைக்ரோவிநாடிக் கணக்கு. அங்கே 120000 என்று எழுத வேண்டும். பலர் இந்த இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள்.

மறுமொழி – படப்பதிவாளர், கிள்ளான்

அனுப்பும் முனையையும் பாருங்கள். பின்னால் வரும் பிரேமையும் (படத்தையும்) பார்த்துச் சுருக்கப்படும் பி-பிரேம்களை என்கோடரில் அணைத்துவிடுங்கள். விநாடிக்கு 25 பிரேம் வேகத்தில் ஒரு பிரேம் 40 மில்லிவிநாடி, எனவே அடுத்தடுத்து இரண்டு பி-பிரேம்கள் இருந்தாலே 80 மில்லிவிநாடி காத்திருப்பு சேர்ந்துவிடும். கேமராவை 1080ஐ-யில் (வரிகளை ஒன்றுவிட்டு ஒன்றாக அனுப்பும் முறையில்) வைத்திருந்தால், ஒவ்வொரு படத்தையும் முழுதாக அனுப்பும் 50 பிரேம் புரோகிரஸிவுக்கு மாற்றுங்கள். பிரிந்த வரிகளைச் சேர்த்து டீஇன்டர்லேஸ் செய்யும் வேலையும் மிச்சம். மண்டபத்துத் திரை தொலைக்காட்சிப் பெட்டி என்றால், படத்தை மெருகேற்றும் வேலைகளைக் குறைத்து உடனே காட்டும் 'கேம் மோட்' போட்டுவிடுங்கள். மற்றப் பிரேம்களைச் சாராத முழுப் படமான கீபிரேமுக்கு இடைவெளி ஒரு விநாடி போதும். அது தாமதத்தைக் குறைப்பதற்கன்று, படம் ஒருமுறை உடைந்தால் விரைவில் மீள்வதற்கு.

மறுமொழி – ஒலியமைப்பாளர், தைப்பிங்

எல்லோரும் பூஜ்ஜியத்தை நோக்கி ஓடுகிறீர்கள். அது இங்கே தேவையே இல்லை. ஒலி விநாடிக்குச் சுமார் 340 மீட்டர் செல்லும் என்பதால், ஆலயத்து ஒலிபெருக்கியின் சத்தம் 100 மீட்டர் கடந்து மண்டபத்தை அடைய ஏறத்தாழ 290 மில்லிவிநாடி ஆகிறது. ஒலி படத்துக்கு 45 மில்லிவிநாடி முந்தினாலோ 125 மில்லிவிநாடி பிந்தினாலோ பார்ப்பவர்களுக்கு அது தெரியத் தொடங்கும் என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் ஐடியு-ஆர் பிடி.1359 பரிந்துரையின் கணக்கு. ஆக, 290-இல் 125-ஐக் கழித்தும் 45-ஐக் கூட்டியும் பார்த்தால், உங்கள் படத்தின் தாமதம் 165-க்கும் 335-க்கும் இடையில் எங்கிருந்தாலும் போதும். அதற்குக் கீழே போக முயன்று படத்தை உடைத்துக்கொள்ளாதீர்கள். மிச்சமிருக்கும் இடத்தைக் கேஷிங்குக்கே கொடுங்கள். மண்டபத்திற்குள் தனி ஸ்பீக்கர் வைக்காதீர்கள் என்பதே என் கருத்து, ஏனெனில் வெளியிலிருந்து வரும் உறுமியும் உள்ளே ஒலிக்கும் உறுமியும் மோதிக்கொள்ளும்.

கேட்டவரின் பதில்

மூவருக்கும் நன்றி. ஃபைபருக்கு ஆலய நிர்வாகத்திடம் கேட்டிருக்கிறேன். இன்னொன்று: சிங்கப்பூரில் உள்ள உறவினர்கள் யூடியூபில் பார்க்கிறார்கள். அதே இணைப்பையே மண்டபத்திலும் காட்டிவிடலாம் என்று சிலர் சொல்கிறார்கள்.

மறுமொழி – கேபிள்காரர், ஈப்போ

கூடாது. தாமதத்தை மிகக் குறைத்து வைக்கும் அமைப்பிலும் யூடியூப் சில விநாடிகள் பிந்தியே வரும். என்கோடரில் இரண்டாவது ஸ்ட்ரீம் இருந்தால் யூடியூபுக்கு அதைக் கொடுத்து, அங்கே கீபிரேமை இரண்டு விநாடியாக வையுங்கள். சிங்கப்பூரில் இருப்பவர்களுக்கு உறுமி வேறு வழியாகக் கேட்கப்போவதில்லை, எனவே அவர்களுக்குத் தாமதத்தைவிடப் படம் அறுபடாமல் இருப்பதே முக்கியம். மண்டபத்து ஸ்ட்ரீமை உள்வலைக்குள்ளேயே வைத்திருங்கள்; இணையம் விழுந்தாலும் முதியவர்களின் திரை நிற்காது.