ஜோடியில் ஒன்று மட்டும் மங்கிப் போகிறது, என்ன செய்யலாம்?

நண்பர்களே, மூன்று வாரமாக ஜோடிகளாகத் தேடிப் படம் எடுக்கிறேன். காசிமேட்டில் பக்கத்துப் பக்கத்துப் படகுகள், மயிலாப்பூர் வாசல்படியில் இரண்டு குடம், பள்ளிக்கரணையில் புள்ளிமூக்கு வாத்துகள். எல்லாவற்றிலும் ஒரே தொல்லை: ஒன்று பளிச்சென்று வருகிறது, மற்றது மங்கிவிடுகிறது.

நிக்கான் டி5600 கேமரா, 50 மி.மீ. எஃப்/1.8 லென்ஸ் (எஃப் எண் என்பது அபெர்ச்சர், அதாவது லென்ஸ் துவாரத்தின் அளவு; எண் சிறிதானால் துவாரம் பெரிது). வாத்துக்கு மட்டும் 70-300 மி.மீ. ஜூம் லென்ஸ். கேமராவில் கோளாறு இல்லை; தனிப் பொருள் எடுத்தால் கூர்மையாகவே இருக்கிறது.

நேற்று கோயில் வாசலில் ஒரு ஜோடி ரப்பர் செருப்பு. ஒன்றின் வாரில் ஊக்கு குத்தியிருந்தது. அந்த ஊக்கின் துரு வரை தெரிகிறது, ஒரு முழம் பின்னால் கிடந்த அடுத்த செருப்பு வெறும் நீலத் திட்டு. 2 மீட்டர் தூரத்தில் எஃப்/1.8 வைத்தால் சுமார் 12 செ.மீ. ஆழம்தான் தெளிவாக இருக்கும் என்று கணக்குப் போட்ட பிறகுதான் புரிந்தது.

எஃப்/8 வைத்தேன்: இரண்டும் தெளிவு, ஆனால் பின்னால் நிற்கும் பைக்கும் சுவரொட்டியும் சேர்ந்து தெளிவு! சாயங்காலம் ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 6400 போய் ஒரே புள்ளி புள்ளி. இரண்டும் கேமராவிலிருந்து ஒரே தூரத்தில் வருமாறு நேர் எதிரே நின்றால் பாஸ்போர்ட் போட்டோ மாதிரி தட்டை. டிரைபாடில் ஃபோகஸ் ஸ்டாக்கிங் (ஃபோகஸை மாற்றி மாற்றி எடுத்த படங்களை ஒன்றாகச் சேர்ப்பது) செருப்புக்குச் சரி, வாத்து நிற்குமா?

ஜோடி முழுசும் தெளிவாக, பின்னணி மட்டும் மங்கலாக வர, நிற்கும் கோணத்தையும் அபெர்ச்சரையும் நீங்கள் எப்படி முடிவு செய்கிறீர்கள்?