கேஸ்ல விடுதலை ஆனவன் போலீசாக முடியுமா, முடியாதா?

நொய்யல்கரையான்:
ஏனுங்க, ஒரு கோச்சிங் சென்டர்காரர் வீடியோல "விடுதலை ஆயிட்டா காவலர் வேலைக்கு ஒரு தடையும் இல்ல"ன்னு அடிச்சு உடறாரு. என்ற மச்சான் மேல பழைய கோயில் நோம்பி அடிதடி கேஸ். புகார் குடுத்தவரே கோர்ட்ல பல்டி அடிச்சதால விடுதலை. எழுத்துத் தேர்வு, 1500 மீட்டர் ஓட்டம், கயிறு ஏறுறது எல்லாம் தேறியும் வெரிஃபிகேசன்ல கழிச்சுட்டாங்க.

ரிட்டயர்டு ஏட்டு:
ஃபார்ம்ல கேஸை எழுதினாரா, இல்லையா?

நொய்யல்கரையான்:
எழுதலீங்க. விடுதலைக்குப் பொறவு என்னத்த எழுதறது?

ரிட்டயர்டு ஏட்டு:
அப்ப சோலி முடிஞ்சுது. 2016 சுப்ரீம் கோர்ட் அவதார் சிங் தீர்ப்பு படிங்க. மறைச்சவன் வேலைல சேந்திருந்தாலும் தூக்கலாம்.

கோபி வக்கீல்:
ஏட்டய்யா பாதித் தீர்ப்பை முழுங்கிட்டாரு. சின்ன வயசுல கோஷம் போட்ட மாதிரி அற்பக் கேஸுன்னா மறைச்சதை மன்னிக்கலாம்னும் அதுலயே இருக்குது. இங்க சிக்கல் தமிழ்நாட்டுப் போலீஸ் வேலை விதி 14(பி). சந்தேகத்தின் பலன்லயோ, சாட்சி பிறழ்ந்தோ விடுதலை ஆனா, குற்ற வழக்குல சம்பந்தப்பட்டவன்னுதான் கணக்கு. 2008ல ஐகோர்ட் முழு அமர்வும் அந்த விதி செல்லும்னுடுச்சு. எழுதியிருந்தாலும் கழிச்சிருப்பாங்க.

ரிட்டயர்டு ஏட்டு:
கோட்டு போட்டவங்க சுத்தி வளைப்பாங்க. எழுதினாரா, இல்லையா?

கோபி வக்கீல்:
கோட்டு போட்டவன்கிட்டத்தான் உங்க டிபார்ட்மெண்ட் ஆளுங்க சஸ்பென்சன் கட்டோட வந்து நிக்கறாங்க.

பவானிக்காரி:
அடிதடி நடந்தப்ப மச்சானுக்கு வயசு என்னங்கண்ணா? 18க்குக் கீழன்னா 2015 இளைஞர் நீதிச் சட்டம் 24ஆம் பிரிவு இருக்குதுங்க. அந்தக் கேஸால தகுதி போகாது.

நொய்யல்கரையான்:
19 அம்மிணி.

காங்கேயத்தான்:
தன் மேல கேஸ் நடக்கறப்பவே ஒருத்தன் எம்.எல்.ஏ. ஆயிரலாம். பெரும்பாலான கேஸ்ல ரெண்டு வருசத் தண்டனை விழுந்தாத்தான் பதவி போகும். கான்ஸ்டபிளுக்கு மட்டும் விடுதலையும் பத்தாதாமா! நல்ல நாயம்.

ரிட்டயர்டு ஏட்டு:
வந்துட்டாருப்பா நாட்டாமை. மாட்டு விலை விவாதத் திரியில வாங்குனது பத்தலையாட்ட இருக்குது. மயிலைக்கும் செவலைக்கும் வித்தியாசம் தெரியாம முழிச்சவரு சட்டம் பேசறாரு.

காங்கேயத்தான்:
முழிச்சது நீங்கதானுங்க. எங்க பட்டியில வந்து பாருங்க, பல்லுப் புடிச்சுக் காட்டறேன். ரிட்டயர்டாகியும் வெறப்பு எறங்கல.

ரிட்டயர்டு ஏட்டு:
காளைக்கு அப்பறம் வாரேன். நொய்யல்கரையாரே, மச்சானே எழுதாம உட்டாரா, நீங்க எழுத வேண்டாம்னீங்களா?

நொய்யல்கரையான்:
விசாரணை பண்ண இது ஸ்டேசன் இல்லீங்கய்யா. நான் கேட்டது வீடியோக்காரனை. அவனை ஒருத்தரும் ஒண்ணும் கேக்கல.

ரிட்டயர்டு ஏட்டு:
அப்ப நீங்கதான் சொல்லியிருக்கீங்க.