பாங்கில் பதினொன்று, கவரில் எட்டு

காசிமேட்டுக்காரன்:
தம்பிக்கு மணலிப் பக்கம் ஒரு ஃபேப்ரிகேஷன் பட்டறையில் வெல்டர் வேலை கிடைத்திருக்கிறது. முப்பது ஆட்கள் இருக்கிற இடம். சம்பளம் 19,000. அதில் 11,000 பாங்கில் வரும், 8,000 பழுப்பு கவரில். சம்பளச் சீட்டில் 11,000 மட்டும்தான். "கை நிறைய வருதே, போடா" என்கிறார் அம்மா. சேரலாமா?

லேத் முதலாளி:
தாராளமாகச் சேரட்டும். திருவொற்றியூரில் நானும் பட்டறை வைத்திருக்கிறேன், 26 பேர். முழுச் சம்பளத்தையும் கணக்கில் காட்டுகிறேன் என்றால் பையன்களே விடமாட்டார்கள். "அண்ணே, வட்டிக்காரன் வாசல்ல நிக்கிறான், கையில குடுங்க" என்பார்கள். பத்து வருஷம் பி.எஃப் கட்டினால்தான் பென்ஷன். அதுவும் குறைந்தபட்சம் 1,000 ரூபாய். சிலிண்டருக்குக் காணுமா?

பின்னி மில் பேரன்:
பையன்கள் மேல் பழி போடாதீர்கள். சம்பளத்தில் 15,000 வரைக்கும் பி.எஃப்-க்கு முதலாளி பங்கு 12 சதவீதம், சம்பளம் 21,000 வரைக்கும் இ.எஸ்.ஐ என்கிற தொழிலாளர் காப்பீட்டுக்கு 3.25 சதவீதம். இந்தக் கவரால் முதலாளிக்கு பி.எஃப்-இல் 480, இ.எஸ்.ஐ-யில் 260, ஆக மாதம் 740 ரூபாய் மிச்சம். வெல்டருக்கு என்ன போகிறது தெரியுமா? எங்கள் தெருவில் ஒருவருக்கு கிரைண்டிங் வீல் தெறித்து இடது கையில் இரண்டு விரல் போனது. வேலைக்குப் போக முடியாத நாட்களுக்கு இ.எஸ்.ஐ சம்பளத்தில் 90 சதவீதம் தரும். எந்தச் சம்பளத்தில்? சீட்டில் இருப்பதில். தம்பிக்கு அப்படி ஆனால் மாதம் 17,100 வர வேண்டிய இடத்தில் 9,900 வரும். வேலையை விட்டு வரும்போது கிடைக்கும் கிராஜுவிட்டியும் அப்படித்தான் குறையும். 1918இல் இதே பெரம்பூரில் சென்னை தொழிலாளர் சங்கம் தொடங்கியபோது என் தாத்தாவின் அப்பா...

லேத் முதலாளி:
ஐயா, 1918ஐ இழுக்க வேண்டாம். அந்த பின்னி மில்லே இப்போது இல்லை. கொழும்பிலும் காத்மாண்டுவிலும் என்ன வாழ்கிறது? என் பட்டறையில் நேபாளப் பையன்கள் இரண்டு பேர். வெளிநாட்டுக்காரர்களுக்கு எப்படி பி.எஃப் போடுவது?

புழல் கவாங்கரை:
இந்தியாக்காரருக்குப் போடுகிற மாதிரித்தான். 1950 இந்திய-நேபாள ஒப்பந்தத்தின்படி நேபாளத்தவரை பி.எஃப் கணக்கில் இந்தியத் தொழிலாளியாகத்தான் எடுக்க வேண்டும். தெரியாது என்று சொன்னால் வசதிதான்.

நான் இலங்கை அகதிகள் முகாமில் இருக்கிறேன். வவுனியாவில் மச்சான் கடைச் சிப்பந்தி. அங்கே சேமலாப நிதிக்கு, அதாவது அந்த ஊர் பி.எஃப்-க்கு, அவர் பங்கு 8 சதவீதம், முதலாளி பங்கு 12, அதற்கு மேல் ஊழியர் நம்பிக்கை நிதிக்கு முதலாளி தனியாக 3. இங்கே மாதிரி 15,000 என்ற உச்சவரம்பு கிடையாது. நேபாளத்தில் தொழிலாளி 11, முதலாளி 20 என்று மொத்தம் 31 சதவீதம். சட்டம் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மச்சானின் அடிப்படைச் சம்பளத்தைச் சின்னதாக எழுதி, மிச்சத்தை 'அலவன்ஸ்' என்கிறார்கள். கடல் தாண்டியும் அதே கவர்தான்.

எனக்குக் கவரும் இல்லை. பெயிண்ட் வேலை. போன மாதம் மாதவரத்தில் ஆறு நாள் சாரத்தில் நின்றேன். ஏழாம் நாள் மேஸ்திரி போன் ஸ்விட்ச் ஆஃப். எதைக் காட்டிக் கேட்பது?

லேத் முதலாளி:
அது அநியாயம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் தம்பி விஷயம் வேறு. அந்த 8,000 ஓவர்டைமாக இருக்கும். ஓவர்டைமுக்கு பி.எஃப் கிடையாது, சட்டமே அதுதான்.

பின்னி மில் பேரன்:
சரி, அதையே பார்ப்போம். ஷிஃப்ட் எத்தனை மணி நேரம்?

காசிமேட்டுக்காரன்:
காலை 8 முதல் இரவு 8. ஞாயிறு லீவு.

பின்னி மில் பேரன்:
எட்டு மணி நேரத்துக்கு மேல் நான்கு மணி. 26 நாளுக்கு 104 மணி நேரம். சட்டப்படி இரட்டிப்புக் கூலி. 11,000 சம்பளக்காரருக்கு ஓவர்டைம் மட்டுமே இன்னொரு 11,000 வருகிறது. எட்டு கொடுத்துவிட்டு "கை நிறைய" என்றால் எப்படி?

லேத் முதலாளி:
சாப்பாட்டு நேரத்தைக் கழிக்க மாட்டீர்களா? ஒரு மணி நேரம் போனால் 8,250. எட்டுக்கும் அதுக்கும் பெரிய வித்தியாசம் இல்லையே.

காசிமேட்டுக்காரன்:
கேட்டேன். சாப்பாட்டுக்கு அரை மணிதானாம். அந்த 8,000ஐ ஓவர்டைம் என்று சீட்டில் எழுதித் தருவீர்களா என்று நாளைக்குக் கேட்டுப் பார்க்கிறேன் என்கிறான் தம்பி. அம்மாவுக்கு இன்னும் கோபம்.