'வேர்க்கழனி': ஒரு கலைச்சொல் முன்மொழிவு

அன்புடையீர், வணக்கம்.

கழிவுநீரைத் தூய்மையாக்கச் செடிகள் நட்டு அமைக்கும் படுகையை ஆங்கிலத்தில் 'கன்ஸ்ட்ரக்டட் வெட்லேண்ட்' என்கிறார்கள். அதற்குச் 'செயற்கை ஈரநிலம்' என்றும், அங்கே நடக்கும் வேலைக்குத் 'தாவரவழித் தூய்மையாக்கம்' என்றும் சொற்கள் முன்வைக்கப்பட்டுள்ளன. இரண்டும் பொருள் விளங்கும் சொற்களே. ஆயினும் நாம் பேசுவது கழிவுநீரிலிருந்து நைட்ரஜனை அகற்றுவதைப் பற்றி என்பதால், இரண்டாவது சொல் உழைத்தவரை விட்டுவிட்டு வேறொருவருக்குக் கூலி கொடுக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

வீட்டுக் கழிவுநீரில் நைட்ரஜன் பெரும்பாலும் அம்மோனியமாக வருகிறது. அங்கே நடப்படும் நாணல், சம்பு போன்ற செடிகள் அதில் ஒரு பகுதியை உறிஞ்சித் தழையாக்கிக்கொள்கின்றன. உழவர்கள் நைட்ரஜனைத் தழைச்சத்து என்று சொல்வது எவ்வளவு பொருத்தம் என்பது இங்கே விளங்கும். ஆனால் அந்தத் தழையை அறுத்து வெளியேற்றாவிட்டால் அது அங்கேயே மடிந்து மட்கி, எடுத்ததைத் தண்ணீருக்கே திருப்பிக் கொடுத்துவிடும். நைட்ரஜன் சுமை மிகுந்த கழிவுநீரில், தவறாமல் அறுத்தாலும் செடியோடு வெளியேறுவது சிறு பங்குதான். பெரும்பங்கு வேரைச் சுற்றி வாழும் பாக்டீரியாக்களின் வேலை. ஒரு கூட்டம் ஆக்சிஜனைக் கொண்டு அம்மோனியத்தை நைட்ரைட்டாகவும் பின்னர் நைட்ரேட்டாகவும் மாற்றுகிறது. ஆக்சிஜன் இல்லாத இடத்தில் வாழும் மற்றொரு கூட்டம் அந்த நைட்ரேட்டைக் கொண்டு சுவாசித்து, அதை நைட்ரஜன் வளியாக்கிக் காற்றுக்கு அனுப்புகிறது. செடியின் தண்டிலுள்ள காற்றறைகள் வழியாக வேருக்கு இறங்கும் ஆக்சிஜன் முதற்கூட்டத்துக்கு ஓரளவு உதவுகிறது. உதிர்ந்த இலைகளும் வேர்க்கசிவும் இரண்டாம் கூட்டத்துக்குக் கரிம உணவாகின்றன. செடி இடம் கொடுக்கிறது, சோறு போடுகிறது. நைட்ரஜனை வெளியேற்றும் பொறுப்பு வேரடியில் இருக்கிறது.

இந்தத் துறையின் வரலாற்றிலும் இதே மயக்கம் இருந்திருக்கிறது. 1950களில் ஜெர்மனியில் கேத்தே சைடல் கோரையினச் செடிகளைக் கொண்டு கழிவுநீர் ஆய்வுகளைத் தொடங்கினார். பின்னர் ரைன்ஹோல்ட் கிக்குத் நாணலை மண்படுகையில் நட்டு வேர்மண்டல முறையை வகுக்க, 1974இல் ஓத்ஃபிரேசன் என்னும் ஊரில் அது இயங்கத் தொடங்கியது. வேர்கள் தரும் ஆக்சிஜனே போதும் என்ற நம்பிக்கை அதன் அடித்தளமாக இருந்தது. ஆனால் ஒரு கிராம் அம்மோனிய நைட்ரஜனை நைட்ரேட்டாக்க ஏறத்தாழ நாலரை கிராம் ஆக்சிஜன் வேண்டும். அவ்வளவை வேர்களால் கொடுக்க முடியவில்லை என்பது பயன்பாட்டில் தெரியவந்தது. அதனால்தான் இன்று, தண்ணீரை மேலிருந்து விட்டுவிட்டுப் பாய்ச்சி இடையிடையே காற்று புக இடம் தரும் படுகையையும், எப்போதும் நீர் நிறைந்திருக்கும் படுகையையும் அடுத்தடுத்து அமைக்கிறார்கள்.

'தேற்றுநிலம்' என்று ஒரு நண்பர் சொன்னது என்னை மிகவும் கவர்ந்தது. தேற்றாங்கொட்டையைக் குடத்தின் உட்புறம் தேய்த்துக் கலங்கிய நீரைத் தெளிய வைத்தவர்களின் சொல் அது. ஆனால் தேற்றுதல் என்பது கலங்கலை அடங்கச் செய்தல். நைட்ரேட் கலங்கலாகத் தெரிவதே இல்லை. யாழ்ப்பாணத்தின் சுண்ணக்கல் நிலத்தில் நைட்ரேட் மிகுந்த கிணற்றின் தண்ணீரும் பளிங்குபோலத்தான் இருக்கும். இந்தியக் குடிநீர்த் தரம் லிட்டருக்கு 45 மில்லிகிராம் நைட்ரேட்டுக்கு மேல் கூடாது என்கிறது. அந்த எல்லையைத் தாண்டியதைக் கண்ணோ நாக்கோ சொல்லாது. நைட்ரேட் மிகுந்த நீர் கைக்குழந்தைகளுக்குக் கேடு. தெளிந்த நீரே தூய நீர் என்ற எண்ணத்தை நம் கலைச்சொல் வலுப்படுத்தினால், அந்தத் தண்ணீரில் கைக்குழந்தைக்குப் பால்மாவு கரைக்கும் தாய்க்கு நாம் தீங்கு செய்தவர்கள் ஆவோம். ஆகவே மனமின்றியே அச்சொல்லை விலக்குகிறேன்.

நான் முன்வைப்பது 'வேர்க்கழனி'. வரப்பு கட்டி, நீர் நிறுத்தி, நட்டு, அறுக்கும் நிலத்துக்குத் தமிழில் பல்லாண்டு வழங்கிவரும் பெயர் கழனி. காஞ்சிபுரம், வேலூர்ப் பக்கங்களில் இன்றும் பேச்சில் உள்ளது. உவமை என்பதற்காக மட்டும் இதை நான் எடுக்கவில்லை. நீர் நிறுத்திய நெல்வயலின் மேற்பரப்பில் மெல்லிய படலமாக ஆக்சிஜன் உள்ள சேறும், அதன் கீழே ஆக்சிஜன் இல்லாத சேறும் இருப்பதால், உழவர் இடும் யூரியாவில் ஒரு பங்கு இதே இருபடி வேதிமாற்றத்தால் காற்றுக்குப் போய்விடுகிறது. உழவருக்கு இழப்பாக இருக்கும் அந்த நிகழ்வைத்தான் கழிவுநீர்ப் பொறியாளர் வேண்டுமென்றே நடத்துகிறார். 'செயற்கை' என்ற அடைமொழியும் இங்கே தேவைப்படாது. மனிதர் அமைக்காத கழனி இல்லை.

'நாணற்கழனி' என்றால் சம்பு, கல்வாழை, வெட்டிவேர் நட்டவை வெளியே நின்றுவிடும். வேர் எல்லாவற்றுக்கும் பொது. வேர்கள் நீரில் தொங்க மிதக்கும் செடிகளை வளர்க்கும் குளங்களுக்கு இச்சொல் பொருந்தாது, அவற்றுக்குத் தனிச்சொல் வேண்டும். (அங்கே 'ஆகாயத்தாமரை' என்று எழுதுவோர் கவனமாக இருக்க வேண்டுகிறேன், சித்த மருத்துவத்தில் அது குறிக்கும் செடி வேறு, நாளிதழ்கள் குறிக்கும் வெங்காயத்தாமரை வேறு.)

இலங்கை நண்பர் ஒருவர் எழுப்பிய தடை வலுவானது. அங்கே 'கழனி' என்று காதில் விழுந்தால் களனி கங்கைதான் நினைவுக்கு வரும், பேச்சில் வயல் என்ற சொல்லே புழங்குகிறது என்கிறார். 'வேர்வயல்' என்பதையும் இணைச்சொல்லாக ஏற்கலாம் என்றே நினைக்கிறேன். நைட்ரஜன், நைதரசன் இரண்டையும் நாம் ஏற்று வருவதுபோல.

நைட்ரேட்டை நைட்ரஜன் வளியாக்கும் இரண்டாம் பாக்டீரியாக் கூட்டத்தின் வேலைக்கு 'நைட்ரேட் நீக்கம்' என்பது போதாது. அறுவடையும் நைட்ரேட்டை நீக்குகிறது, நீரைச் சுத்திகரிக்கப் பயன்படும் அயனிப் பரிமாற்றப் பிசினும் நீக்குகிறது. காற்றிலிருந்து வந்தது காற்றுக்கே திரும்புவதால் 'வளிமீட்சி' என்கிறேன். நைட்ரேட்டாக்கம், வளிமீட்சி என இரு படிகளும் அடுத்தடுத்து நிற்கும்.

வழக்கில் நிற்குமா என்று பார்க்க ஒரு வாக்கியம் எழுதிப் பார்த்தேன்: "விடுதியின் கழிவுநீர் முதல் வேர்க்கழனியில் நைட்ரேட்டாக்கம் பெற்று, நீர் நிறைந்த இரண்டாம் வேர்க்கழனியில் வளிமீட்சி அடைந்தபின் தோட்டத்துக்குப் பாய்கிறது." இதைக் கழனி வேலை தெரிந்த ஒருவரிடம் வாசித்துக் காட்டி, எந்த இடத்தில் தடுக்குகிறது என்று எழுதுங்கள்.