ஐட்யூன்ஸ் தொகுப்பைப் புதுக் கணினிக்கு மாற்றும்போது பிளேலிஸ்ட், நட்சத்திரம் போகாமலிருக்க

கேசட்_காலம்:
விண்டோஸ் 10இல் ஐட்யூன்ஸ். சுமார் 380 ஜிபி பாட்டு டி டிரைவில். கொஞ்சம் டவுன்லோட்ஸ் ஃபோல்டரிலேயே கிடக்கிறது. புதுக் கணினி விண்டோஸ் 11, பாட்டுக்குத் தனி எஸ்எஸ்டி. அப்படியே காப்பி செய்து போட்டால் போதுமா? நட்சத்திரம், கேட்ட எண்ணிக்கை, பிளேலிஸ்ட் எதுவும் போகக் கூடாது.

தம்புரா:
போதாதுங்க. நீங்கள் கேட்கும் மூன்றும் பாட்டு ஃபைலுக்குள் இல்லை. ஐட்யூன்ஸ் லைப்ரரி என்ற ஐடிஎல் ஃபைலில் இருக்கிறது. டி டிரைவை மட்டும் காப்பி செய்து, புதுக் கணினியில் ஃபோல்டரைச் சேர்த்தால் பாட்டு ஓடும், எண்ணிக்கை எல்லாம் பூஜ்யம்.

முதலில் பழைய கணினியில் ஃபைல், லைப்ரரி, ஆர்கனைஸ் லைப்ரரி போய் கன்சாலிடேட் ஃபைல்ஸ் டிக் செய்யுங்கள். டவுன்லோட்ஸில் கிடப்பதும் ஐட்யூன்ஸ் பாட்டு வைக்கும் மீடியா ஃபோல்டருக்கு வந்துவிடும். அது நகர்த்தாது, நகல்தான் எடுக்கும். எனவே டி டிரைவில் இடம் இருக்கிறதா பாருங்கள். பிறகு ஐட்யூன்ஸை மூடிவிட்டு ஐடிஎல் இருக்கும் ஐட்யூன்ஸ் ஃபோல்டர், மீடியா ஃபோல்டர் இரண்டையும் காப்பி செய்யுங்கள். புதுக் கணினியில் ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டே ஐட்யூன்ஸைத் திறந்தால் எந்த லைப்ரரி என்று கேட்கும்; கொண்டுவந்த ஐடிஎல்லைக் காட்டுங்கள். அங்குள்ள ஐட்யூன்ஸ் பழையதைவிடக் குறைந்த பதிப்பாக இருந்தால் திறக்கவே திறக்காது.

நிரல்_நேசன்:
தம்புரா சொன்னது சரி, ஆனால் ஒரு சிக்கல் இருக்கு. மீடியா ஃபோல்டர் ஐட்யூன்ஸ் ஃபோல்டருக்கு உள்ளேயே இருந்தால் எங்கே தூக்கிப் போனாலும் கண்டுபிடிச்சிடும். இவருக்கு லைப்ரரி அநேகமா சி டிரைவிலும் பாட்டு டியிலும் இருக்கு, அதனால முழுப் பாதையும் பொருந்தணும். டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் புது எஸ்எஸ்டிக்கு டி எழுத்தையே கொடுத்து, ஃபோல்டர் பெயரையும் மாற்றாம வைங்க. பாட்டு பக்கத்தில் ஆச்சரியக்குறி வந்தா பாதை உடைஞ்சிருக்குன்னு அர்த்தம். அழிச்சிட்டு மறுபடி சேர்க்காதீங்க. ஒரு பாட்டோட இடத்தைக் காட்டினா, அதை வெச்சு மற்றதையும் தேடட்டுமான்னு ஐட்யூன்ஸே கேட்கும்.

காப்பிக்கு எக்ஸ்ப்ளோரரை நம்பாதீங்க, விண்டோஸோடவே வர்ற கட்டளைக் கருவி ரோபோகாப்பி நல்லது. ஆனா பழைய டிஸ்கில் ஒரு ஃபைல் படிக்க முடியலைன்னா, அது முன்னிருப்பா 30 நொடிக்கு ஒருமுறை 10 லட்சம் தடவை முயற்சி பண்ணும். பார்க்கிறவருக்கு உறைஞ்சு நின்ன மாதிரி இருக்கும். எத்தனை தடவைன்னு சொல்ற ஆர், எத்தனை நொடி காத்திருக்கணும்னு சொல்ற டபிள்யூ, இந்த ஸ்விட்ச் இரண்டுக்கும் 1 கொடுங்க. மிர் ஸ்விட்ச் வேண்டவே வேண்டாம், சேருமிடத்தில் கூடுதலா இருக்கிறதை அழிச்சிடும்.

கேசட்_காலம்:
நன்றி இருவருக்கும். பாதிக்கு மேல் ஃபைல் பெயர் தமிழில். அதில் ஏதாவது வம்பு வருமா?

யாழ்ப்பெட்டி:
என்டிஎஃப்எஸ்ஸிலிருந்து (விண்டோஸ் டிரைவின் வழக்கமான வடிவம்) என்டிஎஃப்எஸ்ஸுக்கு என்றால் வராது. பிளேலிஸ்ட்டைத் தனியாகவும் எடுத்து வைப்பதானால் எம்3யு வடிவம் வேண்டாம், யுனிகோட் எழுத்தைக் காக்கும் எம்3யு8 எடுங்கள். முன்னதில் தமிழெல்லாம் கேள்விக்குறியாகிவிடும்.

உண்மையான வம்பு பழைய மேக் வழியாக வந்த ஃபைல்களில். அதன் டிஸ்க் வடிவமான எச்எஃப்எஸ் பிளஸ் 'கொ', 'கோ' போன்றவற்றின் உயிர்க்குறியை ஒற்றைக் குறியீடாக வைக்காமல் கொம்பு, கால் என இரண்டாகப் பிரித்துச் சேமிக்கும். கண்ணுக்கு ஒன்றுதான், விண்டோஸுக்கு வேறு பெயர். ஃபைல் கண்ணெதிரே இருந்தும் பிளேலிஸ்ட் காணோம் என்று சொன்னால் முதலில் இதைச் சந்தேகியுங்கள்.

தம்புரா:
காப்பி முடிந்ததும் ஃபைல் எண்ணிக்கையும் மொத்த பைட்டும் ஒப்பிடுங்கள், பிறகு ஃபைல்களை ஒப்பிடும் ஃப்ரீஃபைல்சிங் மென்பொருளில் உள்ளடக்க ஒப்பீடு ஓட்டுங்கள். 380 ஜிபிக்கு நேரம் பிடிக்கும், இரவில் விட்டுவிடலாம். பழைய கணினியை அழிக்கும் முன் அக்கவுன்ட் மெனுவில் டீஆதரைஸ் செய்ய, அதாவது அந்தக் கணினிக்கான அனுமதியை நீக்க மறக்காதீர்கள். ஒரு ஆப்பிள் கணக்குக்கு 5 கணினிக்குத்தான் அனுமதி.