மறு: ஏஎஸ்எம்ஆர் தமிழில்? உச்சிக்குளிர்வு, ஒற்றோடு

அன்புள்ள நண்பர்களுக்கு,

மூன்று நாள் மடல்களையும் ஒன்றுவிடாமல் படித்தேன். மாணவர்களுக்கான உளவியல் பாடத்தை வெள்ளிக்குள் அனுப்பியாக வேண்டும். கிசுகிசுப்பு, மெதுவான அசைவு போன்றவற்றால் தலையில் தொடங்கி இறங்கும் இதமான குறுகுறுப்பைத்தான் ஏஎஸ்எம்ஆர் (ASMR) என்கிறார்கள். அதற்குத் தமிழில் என்ன பெயர் வைப்பது என்பதுதான் நம் கேள்வி. எனக்குப் பட்டதைச் சொல்லிவிடுகிறேன்.

> ‘மெல்லொலிச் சிலிர்ப்பு’ போதுமே, வேறு ஏன் தேட வேண்டும்?

ஐயா, எனக்கும் முதலில் அதுதான் தோன்றியது. ஆனால் இசை கேட்டுச் சிலிர்க்கிறோமே, அதற்கு அந்தச் சொல் வேண்டும். அதில் நெஞ்சு படபடக்கும். இங்கே நடப்பது வேறு. 2018இல் ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்தார் அளந்தபோது, இந்த உணர்வு உள்ளவர்களுக்குக் காணொளி பார்க்கையில் இதயத்துடிப்பு நிமிடத்துக்குச் சராசரியாக மூன்று குறைந்தது. தோலின் மின்கடத்தல் மட்டும் கூடியது. அமைதியும் கிளர்ச்சியும் சேர்ந்தே வருகின்றன. அப்புறம், ஒலி மட்டுமே இதைத் தூண்டுவதில்லை. 2015இல் பாரட், டேவிஸ் என்ற ஆய்வாளர்கள் 475 பேரிடம் கேட்டபோது 75 விழுக்காட்டினர் கிசுகிசுப்பைச் சொன்னார்கள், 53 விழுக்காட்டினர் மெதுவான அசைவுகளையும் சொன்னார்கள். பெயரிலேயே ஒலியை வைத்தால் வரையறை தவறிவிடும்.

> ‘மெய்தான் அரும்பி விதிர்விதிர்த்து’ என்கிறது திருவாசகம். ‘மெய்யரும்பல்’ எனலாம்.

அழகான சொல். மயிர்க்கால்கள் மொட்டுப்போல் எழுவதை ‘அரும்பி’ என்றது நெஞ்சை விட்டு அகலவில்லை. ஆனால் அது உடல் முழுக்க நடுங்கும் பக்தி. நாம் பேசுவது தலையில் தொடங்கிப் பிடரி வழியே முதுகுத்தண்டில் இறங்கும் ஒன்று. இது தொல்காப்பியர் சொல்லும் எட்டு மெய்ப்பாடுகளில், அதாவது உடலில் வெளிப்படும் உணர்ச்சிகளில், உவகையா (மகிழ்ச்சி) மருட்கையா (வியப்பு) என்று ஆறு மடல்கள் வந்தன. இரண்டிலும் அடங்காது என்பேன். மெய்ப்பாடு காண்போருக்குப் புலப்பட வேண்டும். இதுவோ பக்கத்தில் இருப்பவருக்குக்கூடத் தெரியாது.

> ‘குறுகுறுப்பு’. யாருக்கும் விளக்க வேண்டாம்.

உண்மை. விளக்க வரியில் இதைத்தான் எழுதப்போகிறேன். தலைச்சொல்லாக வைக்கத்தான் தயக்கம். தப்புச் செய்த மனமும் குறுகுறுக்கும்.

> ‘தன்னியக்கப் புலனுச்ச எதிர்வினை’

வேண்டாம், அம்மா. 2010இல் ஜெனிஃபர் ஆலன் ஆங்கிலத்தில் ‘அட்டானமஸ் சென்சரி மெரிடியன் ரெஸ்பான்ஸ்’ என்ற அந்த நீண்ட பெயரை வைத்ததே, கூச்சமில்லாமல் பேச ஒரு மருத்துவச் சாயல் வேண்டும் என்றுதான். சாயலை மொழிபெயர்த்தால் பொருள் வராது.

ஆனால் அந்தப் பெயரில் இருக்கும் ‘மெரிடியன்’ என்ற சொல்லைக் கவனியுங்கள். உச்சநிலை என்ற பொருளில் அவர் எடுத்தது. வானியலில் அது கதிரவன் நண்பகலில் கடக்கும் கோடு. நமக்கு அது உச்சிவேளை. குறுகுறுப்பு தொடங்கும் இடமும் உச்சிதான், உச்சந்தலை! உச்சநிலையும் தலையின் மேற்பகுதியும் ஒரே சொல்லில் கிடைக்கின்றன. ஆகவே ‘உச்சிக்குளிர்வு’.

‘புகழ்ச்சியில் உச்சி குளிர்ந்தான்’ என்ற வழக்கோடு குழம்பும் என்று இருவர் எழுதினீர்கள். அங்கே உச்சி எழுவாய், ஒற்று மிகாது. இது உச்சியில் தோன்றும் குளிர்வு. ‘இல்’ என்ற உருபும் ‘தோன்றும்’ என்ற பயனும் மறைந்து நிற்பதால் ‘க்’ மிகும். அந்த ஒரு ஒற்றுதான் கலைச்சொல்லை வழக்கிலிருந்து பிரிக்கிறது, தயவுசெய்து யாரும் அதை விட்டுவிடாதீர்கள்.

‘சிலிர்ப்பியல்’ என்று துறைப்பெயர் இப்போதைக்கு வேண்டாம். இன்னும் உளவியலின் ஓர் ஆய்வுப்பொருள்தான் இது.

இதுவரை உச்சிக்குளிர்வுக்கு நால்வர், சிலிர்ப்புக்கு மூவர். ஆசிரியை ஒருவர் மட்டும், தம் மாணவர்கள் வாயில் ‘ஏஎஸ்எம்ஆர்’ தவிர எதுவும் நுழையாது என்று எழுதியிருக்கிறார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. பாடத்தில் முதல் இடத்தில் உச்சிக்குளிர்வு, ஏஎஸ்எம்ஆர் இரண்டையும் சேர்த்து எழுதி, பிறகு உச்சிக்குளிர்வைத் தொடர்கிறேன். ஐயா, உங்கள் மறுப்பையும் பதிப்பாசிரியருக்கு அப்படியே அனுப்புகிறேன். வியாழன் இரவுவரை மடல் பார்ப்பேன்.