பழைய பெட்ரோல் காருக்கு எந்த கிரேடு என்ஜின் ஆயில்?

உறுப்பினர்களுக்கு வணக்கம். மன்னார்குடியில் வசிக்கும் நான், 2004-இல் வாங்கிய 796 சி.சி. பெட்ரோல் காரை இன்றும் ஓட்டி வருகிறேன். 1,40,000 கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. சில மாதங்களாக, ஆயிரம் கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 400 மில்லி ஆயில் குறைகிறது. இரவு முழுவதும் வண்டிக்கு அடியில் செய்தித்தாளை விரித்து வைத்துப் பார்த்தேன். ஒரு சொட்டுகூட இல்லை. ஆனால் காலையில் முதல்முறை ஸ்டார்ட் செய்யும்போது சைலன்சரில் நீலப் புகை கிளம்பி, ஒரு நிமிடத்தில் அடங்கிவிடுகிறது.

இதுவரை 10டபிள்யூ-40 ஊற்றி வந்தேன். எங்கள் மெக்கானிக் 20டபிள்யூ-50க்கு மாறச் சொல்கிறார். (பொங்கலுக்கு நெய் வார்ப்பதுபோல, எந்தக் கோளாறுக்கும் கெட்டி ஆயிலையே சொல்பவர் அவர்.) முதல் எண் குளிர்ந்த நிலையில் ஆயில் ஓடும் தன்மையையும், இரண்டாவது எண் 100 டிகிரி செல்சியஸில் அதன் கெட்டித்தன்மையையும் குறிப்பவை என்பதால், மார்கழியிலும் கடுங்குளிர் காணாத நம் டெல்டாவில் 20டபிள்யூ பெரிய இடையூறு ஆகாது என்றே நினைக்கிறேன். எனினும் வண்டி பெரும்பாலும் மூன்று கிலோமீட்டர் தொலைவிலுள்ள கடைத்தெருவுக்கே போய்வருவதால், என்ஜின் முழுச் சூடு ஏறுவதற்குள் அணைக்கப்படுகிறது; அந்நிலையில் கெட்டி ஆயில் மேற்பகுதிக்குச் சென்று சேரத் தாமதிக்குமோ என்ற ஐயம் இருக்கிறது.

இடைவழியாக 15டபிள்யூ-40 போதுமா? அல்லது புகையைப் பார்த்தால் வால்வு சீல் (என்ஜினின் எரி அறைக்குள் ஆயில் கசிந்து எரியாமல் தடுக்கும் ரப்பர் வளையம்) தேய்ந்ததுபோல் தோன்றுவதால், ஆயிலை மாற்றுவதற்கு முன் அதைத்தான் மாற்ற வேண்டுமா? இத்தகைய பழைய வண்டி வைத்திருப்பவர்கள், ஆயில் மாற்றிய பின் குறையும் அளவு எவ்வளவு மாறியது என்பதையும் சேர்த்துத் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.